கடனுக்கு சரக்கு கொடுத்த பணம் வரவில்லையா? 3 ஆண்டு தாண்டினால் கோவிந்தா!

"அண்ணாச்சி, அடுத்த வாரம் செட்டில் பண்ணிடுறேன்."

இந்த ஒரு வார்த்தையை நம்பி வருஷக்கணக்கில் காத்திருக்கும் சிறு வியாபாரிகள் தமிழ்நாட்டில் ஏராளம். கடைசியில் பொறுமை இழந்து வக்கீலை தேடி போனால், "கெடு முடிஞ்சு போச்சே" என்று கையை விரித்து விடுகிறார்.

அது என்ன கெடு?

கடனுக்கு விற்ற சரக்குக்கு பணம் கேட்டு 3 ஆண்டுக்குள் வழக்கு போட்டாக வேண்டும். தவணை எதுவும் பேசவில்லை என்றால், சரக்கு கொடுத்த நாளில் இருந்தே நாள் ஓடும். தவணை பேசி இருந்தால், அது முடிந்த நாளில் இருந்து கணக்கு.

வாய் பேச்சால் கெடு நீளாது. ஆனால் 3 ஆண்டு முடிவதற்குள், "இவ்வளவு பாக்கி தர வேண்டும்" என்று அவர் எழுதி கையெழுத்து போட்டு கொடுத்தால், அன்று முதல் புதிதாக 3 ஆண்டு கிடைக்கும்.

எந்த கோர்ட்டு?

பாக்கி 3 லட்சம் ரூபாய்க்கு குறைவு என்றால் வழக்கமான சிவில் கோர்ட்டு. 3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வணிக கோர்ட்டு. 2015-ல் இந்த சட்டம் வந்தபோது 1 கோடி ரூபாயாக இருந்த வரம்பு, 2018-ல் 3 லட்சமாக குறைக்கப்பட்டது.

வணிக கோர்ட்டுக்கு நேராக போய் விட முடியாது. முதலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரச மனு கொடுக்க வேண்டும். அவசர தடை கேட்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இது கட்டாயம் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. எதிராளி வராவிட்டால் அறிக்கை கொடுப்பார்கள். அதை வைத்து வழக்கு போடலாம். சமரச பேச்சு நடந்த நாட்கள் 3 ஆண்டு கணக்கில் சேராது.

செலவு எவ்வளவு?

தமிழக அரசு 2017-ல் சட்டத்தை திருத்தி, பண வழக்குக்கான கோர்ட்டு கட்டணத்தை 7½ சதவீதத்தில் இருந்து 3 சதவீதமாக குறைத்தது. 5 லட்சம் ரூபாய் பாக்கிக்கு முன்பு 37 ஆயிரத்து 500 ரூபாய். இப்போது 15 ஆயிரம்.

கூட்டு வியாபாரிகளே, உஷார்!

பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தை பதிவு செய்யாமல் விட்டால், சரக்கு வாங்கி ஏமாற்றியவர் மீது நிறுவனத்தின் பெயரில் பாக்கிக்கு வழக்கு போட முடியாது.

பில், டெலிவரி சீட்டு, பாங்கி கணக்கு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை "நாளைக்கு தர்றேன்" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே ஒரு பேப்பரை நீட்டுங்கள். அந்த கையெழுத்துதான் உங்கள் பணத்துக்கு காவல்.