வாயைக் கட்டினால் போதுமா?

உடம்பு பெருத்தவரைப் பார்த்தால் "வாயைக் கட்டு" என்று சொல்லாத ஆள் பதுளையிலும் இல்லை, பசறைத் தோட்டங்களிலும் இல்லை. அறிவியல் அப்படிச் சொல்லவில்லை.

உணவைக் குறைத்து எடை இறக்கியவர்களை மெல்பேர்ண் ஆய்வாளர்கள் சோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டு கழிந்தும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது. கொழுப்பிருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் தாழ்ந்தே கிடந்தது. இழந்த எடையை மீட்க உடலே போராடும்போது, அதை மனதின் பலவீனம் என்பது அநியாயம்.

செமாகுளுடைட் ஊசி, சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹோர்மோனைப் போலச் செயற்பட்டுப் பசியை அடக்குகிறது. 1,961 பேரிடம் 68 வாரம் நடந்த ஆய்வில் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான், உணவு, உடற்பயிற்சி ஆலோசனை இரு சாராருக்கும் ஒன்றே. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கொழுப்போடு தசையும் கரைகிறது.

தசை கரைவது நம் தோட்டங்களில் சிறிய விஷயமல்ல. இங்கு பலருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே ஊட்டம் போதவில்லை. இலங்கையின் 2016 கணக்கெடுப்பில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 32 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், நாடளவில் 17 சதவீதம். கருவிலேயே ஊட்டம் குறைந்த உடல், பின்னாளில் கொஞ்சம் சதை போட்டாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கும். சீனி வருத்தமும் முந்திக்கொண்டு வரும்.

தோட்டத்துச் சாப்பாட்டைப் பாருங்கள்: விடியற்காலையில் கோதுமை ரொட்டியும் சம்பலும். பிறகு சீனித் தேத்தண்ணி. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் சீனியே 40 கிராம் ஆகிறது. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீனியைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. பருப்பும் முட்டையும் தட்டுக்கு வருவது சம்பளத்தின் கையில். 2024இல் தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். 2021இல் வெகோவி என்ற பெயரில் செமாகுளுடைட் ஊசி அமெரிக்காவில் வந்தபோது, ஒரு மாதத்துக்கு 1,349 டொலர்!

மருந்து வேண்டியவருக்கு அது கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் யாரும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. தோட்ட வைத்திய நிலையங்களில் எடையோடு இடுப்பளவையும் எடுங்கள்: பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90ம் எட்டிவிட்டால் இரத்தச் சீனியைச் சோதியுங்கள். வந்தவரைத் திட்டி அனுப்பாதீர்கள்.