பல கலங்களும் ஓர் அளவுகருவியும்

வெள்ளவத்தையிற் கடலோரமாக அமைந்த வீடுகளின் சாளரக் கம்பிகள் துருவேறி உதிர்வதும், கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தை அண்டிய பழைய கட்டடங்களிற் கொங்கிறீற்று வெடித்து உள்ளிருக்கும் உருக்கு வெளிப்படுவதும் கொழும்பு வாழ்வோர் அறியாதன அல்ல. உவர்க்காற்றுக் கொணரும் குளோரைட்டு அயன்கள் உருக்கின் மேலுள்ள காப்புப் படலத்தை ஊடறுக்கின்றன. அப்போது உருக்கின் ஒரு பகுதி அனோட்டாகவும் மற்றொரு பகுதி கதோட்டாகவும் அமைய, சிறியதொரு மின்கலம் உருவாகின்றது. ஆதலின் துருப்பிடித்தல் மின்னளவைகளால் அறியத்தக்க நிகழ்ச்சியாகும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் துணையாகக் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள் திறக்கப்பட்டது. மண்டபத்துக் கடலோரத்தில் அந்நிலையம் அரிப்பாய்வுக்கென ஒரு களமும் அமைத்தது. இத்தகைய ஆய்வுகளில் ஒரு மாதிரியை மட்டும் அளந்து முடிவு கூறல் இயலாது. ஒரே வகை உருக்கும் இடத்துக்கிடம் வேறுபடும். நால்வகைச் சீமெந்துக் கலவைகளை ஒப்பிட விரும்புவோர், வகைக்கு நான்காகப் பதினாறு கலங்களையேனும் மாதக்கணக்கில் நோக்கல் வேண்டும்.

கலந்தோறும் மூன்று மின்வாய்கள் உள. ஆராயப்படும் உருக்கு ஒன்று. அழுத்தத்தை ஒப்பிட்டறிய உதவும் மாட்டேற்று மின்வாய் மற்றொன்று. ஓட்டத்தைச் செலுத்தும் துணை மின்வாய் மூன்றாவது. உருக்கின் அழுத்தத்தை வேண்டிய அளவில் நிறுத்தும் கருவியை இக்லிங்கு என்பார் 1942 இல் விவரித்தார். அது அழுத்தநிறுத்தி எனப்படும். உருக்கின் இயல்பழுத்தத்தை ஏறத்தாழப் 10 மில்லிவோற்று இருபுறமும் அசைத்து, எழும் ஓட்டத்தை அளந்தால் அரிப்பின் வேகத்தைக் கணிக்கலாம் என்பதை இசுட்டேணும் கீரியும் 1957 இற் காட்டினர்.

பதினாறு கலங்களுக்குப் பதினாறு கருவிகள் வாங்கல் பெருஞ்செலவாகும். ஆகவே ஒரே கருவியைக் கலந்தோறும் முறையாக இணைக்கும் பன்முக ஆளி பயன்படுகின்றது. பழைய தொலைபேசி நிலையத்திற் பணியாளர் ஒருவர் பல இணைப்புகளை மாற்றிக் கொடுத்தமை போன்றதே இது. எனினும் இங்கே இணைக்கும் ஒழுங்கு இன்றியமையாதது. மாட்டேற்று மின்வாய் துண்டிக்கப்பட்டிருக்கத் துணை மின்வாய் இணைந்திருப்பின், வேண்டிய அழுத்தம் எய்தப்படவில்லையெனக் கொண்டு கருவி தன்னால் இயன்ற ஓட்டம் முழுவதையும் செலுத்திவிடும். மாதக்கணக்கிற் பேணிய மாதிரி ஒரு கணத்திற் கெடும். ஆதலின் துணை மின்வாயை இறுதியில் இணைத்து முதலிற் பிரித்தல் வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கது, காத்திருக்கும் கலங்களின் நிலை. இயல்பான அரிப்பை ஆராயும்போது அவை துண்டிக்கப்பட்டிருத்தலே பொருத்தமாகும். உருக்கு தன் இயல்பழுத்தத்திற்கு மீளும். ஆயின், குறித்ததோர் அழுத்தத்திற் காப்புப் படலத்தை வளர்க்கும் ஆய்வில் அத்துண்டிப்பே படலத்தைச் சிதைத்தல் கூடும். அத்தகைய கலங்களுக்குக் காத்திருக்கும் காலத்திலும் தனி மின்வழங்கி வேண்டும்.

காலக் கணக்கும் உண்டு. கலமொன்றுக்கு 20 நிமிடமெனின் பதினாறு கலங்களுக்கும் 5 மணி 20 நிமிடம் செல்லும். ஒரு நாளில் நான்கு முழுச் சுற்றுகளே நிறைவுறும். இரு சுற்றுகளுக்கு இடையில் உருக்கிற் சிறு குழியொன்று தோன்றிப் பின் அடங்கின், ஏட்டில் அதன் சுவடே இராது.

கொழும்பு போன்ற கடலோர நகரில் மற்றுமோர் இடர் உண்டு. உப்பும் ஈரமும் ஆளியின் முனைகளிற் படிந்தால் கலங்களுக்கிடையே ஓட்டம் கசியும். கலத்துள் ஆராயப்படும் பகையே கருவியையும் தாக்கும். 1936 இல் எல்வுட்டு வகுத்த நாணல் ஆளியில் முனைகள் கண்ணாடிக் குழாயுள் அடைக்கப்பட்டிருத்தலின், அவற்றை உப்பு அணுகாது. எனினும் குழாயின் வெளிமுனைகளையும் பலகையையும் உலர்வாக வைத்தல் வேண்டும். பதினாறில் ஓரிடத்தில் அளவறிந்த தடையொன்றை வைத்து, சுற்றுதோறும் அதே பெறுமானம் கிடைக்கின்றதா எனச் சோதித்தல் நன்று. அத்தடையின் பெறுமானம் பிறழ்ந்தால், அச்சுற்றில் ஏனைய பதினைந்து கலங்களும் தந்த எண்களை நம்புதல் தகாது.