இறக்காமத்தில் ரகசியம் ஏன் தங்குவதில்லை?

கடந்த வாரம் தலையிடிக்காக பார்மசியில் ஒரு பனடோல் அட்டை வாங்கினேன். மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு ஐந்து நிமிடம்தான். வழியில் சின்ன மாமி மறித்தார். "காய்ச்சலாமே மகன், கொத்தமல்லி அவிச்சிக் குடிங்க" என்றார். வீட்டுக்குப் போனால் கொத்தமல்லி ஏற்கனவே அவித்து ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு டெங்கு என்றும், அம்பாறை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள் என்றும் அடுத்த தெருவில் பேச்சு.

நான் பிறந்தது அக்கரைப்பற்றில். இறக்காமத்தில் கலியாணம் முடித்து வந்து 19 வருடமாகிறது. இன்றும் கடையில் யாராவது "இவர் ஆரு?" என்று கேட்டால் என் பெயரோ தொழிலோ வராது. "குளத்தடி ராத்தாட மூணாவது மகள்ர மாப்புள" என்பதுதான் பதில். கேட்டவரும் திருப்தியாகத் தலையாட்டுவார். முகவரி, அடையாள அட்டை, நற்சான்றிதழ் எல்லாம் அதற்குள் அடக்கம்.

வெளியூர் நண்பர்கள் இதை வேலையற்ற ஊரின் வம்பு என்பார்கள். வயலும் குளமும் உள்ள ஊரில் யாருக்கும் வேலை குறைவில்லை. காரணம், வீடுகள் அமைந்திருக்கும் முறை.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் கலியாணமானால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் மகளுக்கு. குடியும் தாய்வழியாகவே வருகிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் இதையெல்லாம் ஆராய்ந்து, 2008 இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். தமிழ்நாட்டின் காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போகிறார். சுமாத்திராவின் மினாங்கபாவ் முஸ்லிம்களிடமும் வீடு பெண்களுக்கே.

தாயின் வளவு மகள்மாருக்குப் பிரிவதால், ஓர் ஒழுங்கையில் அடுத்தடுத்து இருப்பவை பெரும்பாலும் சகோதரிகளின் வீடுகள். இடையில் வேலி இருக்கும். வேலியில் ஒரு கடப்பும் இருக்கும். செய்தி முதலில் அந்த வழியால் போகும். அந்த வீடுகளின் ஆண்பிள்ளைகளோ வேறு வேறு தெருக்களில் மாப்பிள்ளைகள். பின்னேரம் உம்மாவைப் பார்க்க வரும்போது அந்தத் தெருச் செய்தியைக் கொண்டுவருவார்கள். போகும்போது இந்தத் தெருச் செய்தியைக் கொண்டுபோவார்கள். வட்ஸ்அப் இதற்குப் பிறகு வந்தது. இன்றும் கொஞ்சம் தாமதம்தான்.

பார்மசியில் நிற்கும் தம்பி சின்ன மாமியின் மகன். பனடோல் என்னை எப்படி முந்தியது என்பது இப்போது விளங்கும்.

இந்த வேகத்தை நான் குறை சொல்வதை நிறுத்தியது மூன்று வருடத்துக்கு முன். மழைக்காலம், இரவு ஒன்றரை மணி. எங்களோடு இருக்கும் மாமி விழுந்துவிட்டார்; பேச்சுக் குழறியது. நான் போனைத் தேடினேன். மனைவி வேலிக்கு மேலால் ஒரு சத்தம்தான் போட்டார். நான் சாரனை இறுக்கிக் கட்டுவதற்குள் வாசலில் ஓட்டோ நின்றது. "நேரத்தோட கொண்டு வந்தீங்க" என்றார் டொக்டர். மாமி இப்போது கைத்தடியோடு நடக்கிறார். என்னைப் பற்றிய செய்திகளைப் பரப்புவதிலும் பழைய சுறுசுறுப்புத்தான்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. மாமியின் வளவு அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச். நான்கு மகள்மாருக்கு 20 பேர்ச் வீதம் பிரிந்தது. எனக்கு இரண்டு மகள்மார், ஆளுக்குப் பத்து. அவர்களுக்கும் இரண்டிரண்டு பெண்பிள்ளைகள் என்றால் ஐந்து. அதில் வீடு வரும், முற்றம் வராது. அதனால்தான் பலர் ஊருக்கு வெளியே காணி தேடுகிறார்கள். மகளின் வீட்டுக்காகவே கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் வாப்பாமார் எத்தனையோ பேர்.

நானும் மூத்தவளுக்காக வெளியே ஒரு துண்டு பார்த்திருக்கிறேன். விலை கட்டுப்படியாகும். சுற்றிவர மதில்கள். பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது, ரகசியம் தங்கும். ஆனால் இரவு ஒன்றரை மணிக்கு அவள் ஒரு சத்தம் போட்டால் யாருக்குக் கேட்கும்?

இந்த யோசனையில்தான் இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. நேற்றுத் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்டார்: "மாப்புள, அந்தக் காணி என்ன விலைக்கு முடிஞ்சிச்சி?"