உங்களுக்குத் தெரியுமா? சர்க்கரை ஏறும் முன்பே ரத்தம் சொல்லிவிடும்!

குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு திடீரென்று வருவதுபோலத் தோன்றும். உண்மையில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அழித்துக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். ஆனால் உடலின் சொந்தச் செல்களையே குறிவைக்கும் ‘ஆட்டோ ஆன்டிபாடி’கள் ரத்தத்தில் தென்பட்டுவிடும். முக்கியமாகப் பார்க்கப்படுபவை நான்கு. அவற்றில் இரண்டு இருந்தாலே, எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், நோயின் முதல் கட்டம் தொடங்கிவிட்டது என்று கணக்கு.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2015 முதல் சிறு குழந்தைகளுக்கு விரல் நுனியில் சில துளி ரத்தம் எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். முதலில் சோதித்த 90,632 குழந்தைகளில் 280 பேருக்கு நோய் தொடங்கியிருப்பது தெரிய வந்தது. ஆயிரத்துக்கு மூன்று பேர்தான். ஆனால் அந்த மூன்று வீடுகளும் முன்கூட்டியே தயாராகிவிட்டன. ரத்தம் அமிலமாகி, மயங்கிய நிலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. பெரிய லாபம் இதுவே. இத்தாலி 2023-இல் இந்தப் பரிசோதனைக்குச் சட்டமே இயற்றியது.

2022-இல் எட்டு வயது நிரம்பியவர்களுக்காக அமெரிக்கா அனுமதித்த டெப்லிசுமாப் என்ற மருந்து, அறிகுறி இல்லாமலே சர்க்கரை அளவு மாறத் தொடங்கும் இரண்டாம் கட்டத்தில் கொடுத்தால், நோய் முற்றுவதைச் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போடுகிறது. குணப்படுத்தாது.

பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, இளைத்துக்கொண்டே போனால் ஆன்டிபாடி சோதனைக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். அன்றே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.