மடிக்கணனிக்குப் பழைய விண்டோஸா, புதிய விண்டோஸா?

புதிய நெல்லினம் ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கமக்காரர் இரண்டு விடயங்களை விசாரிப்பார். எங்கள் நிலம் இதைத் தாங்குமா? நோய் பிடித்தால் பரிகாரம் கிடைக்குமா? மடிக்கணனியில் பழைய விண்டோஸை வைத்திருப்பதா, புதியதை ஏற்றுவதா என்று தீர்மானிப்பதற்கும் இதே இரண்டு கேள்விகள்தான் உதவும். பழையது, புதியது என்ற பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பணமும் போகலாம், சேமித்து வைத்தவையும் போகலாம்.

சேமித்து வைத்தவை என்பது சிறிய விடயமன்று. பிள்ளையின் பாடக் குறிப்புகள், சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு, காணி உறுதியின் படம், அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே மடிக்கணனியில் இருக்கும் வீடுகள் உண்டு. இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்தக் கடதாசிகளின் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆயினும் உறுதி இலக்கமும், நொத்தாரிசின் பெயரும், திகதியும் கையில் இருந்தால், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுப்பது இலகுவாகும்.

விண்டோஸ் என்பது என்ன?

கணனியின் பாகங்களையும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து வேலை வாங்குவது விண்டோஸ். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இதனைப் பணிசெயல் முறைமை என்பார்கள். மைக்ரோசொப்ட் நிறுவனம் இதனைத் தயாரிக்கிறது. விண்டோஸ் 7 2009இலும், விண்டோஸ் 10 2015இலும், விண்டோஸ் 11 2021இலும் வெளிவந்தன.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பராமரிப்புக் காலம் உண்டு. அக்காலத்தில் களவாக நுழையக்கூடிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டால், அவற்றை அடைக்கும் திருத்தங்களை நிறுவனம் இணையம் வழியாக அனுப்பும். விண்டோஸ் 7இன் காலம் 2020 ஜனவரி 14இல் முடிந்தது. விண்டோஸ் 10இன் காலம் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. காலம் முடிந்ததும் கணனி நின்றுவிடாது. முன்புபோலவே வேலை செய்யும். அதனால்தான் பலர் ஆபத்தை உணர்வதில்லை. நாளடைவில் மற்ற மென்பொருள்களும் அதைக் கைவிடும். 2023இல் கூகிள் நிறுவனம் தனது குரோம் உலாவியின் புதிய பதிப்புகளை விண்டோஸ் 7க்குத் தருவதை நிறுத்தியது.

2017 தந்த பாடம்

2017 மே 12இல் ‘வன்னாகிறை’ என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. அது புகுந்த கணனியிலுள்ள கோப்புகள் யாவும் பூட்டப்பட்டன. திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்ற அறிவித்தல் திரையில் தோன்றியது. பிரித்தானியாவின் பொது மருத்துவமனைகளில் நோயாளருக்குக் குறித்த நேரங்கள் ஆயிரக்கணக்கில் இரத்துச் செய்யப்பட்டன.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, அப்போது பராமரிப்பில் இருந்த விண்டோஸ் 7 கணனிகள். திருத்தம் வந்திருந்தது, ஏற்றப்படவில்லை. ஆகவே புதிய விண்டோஸ் இருந்தால் மட்டும் போதாது. ‘டேற்றா முடிந்துவிடும்’ என்று இற்றைப்படுத்தலை நிறுத்தி வைத்திருப்பவரும் பழைய விண்டோஸ் வைத்திருப்பவரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் கணனி தாங்குமா?

முதலில் உங்களிடம் உள்ளது எது என்று அறியுங்கள். விசைப்பலகையில் விண்டோஸ் அடையாளமுள்ள விசையையும் ‘ஆர்’ விசையையும் ஒன்றாக அழுத்துங்கள். தோன்றும் கட்டத்தில் ‘வின்வேர்’ என்பதை ஆங்கில எழுத்து ஆறிலும் தட்டினால் விபரம் திரையில் வரும்.

விண்டோஸ் 11 ஏற்றுவதற்குக் குறைந்தது 4 ஜிகாபைற் நினைவகமும் 64 ஜிகாபைற் சேமிப்பிடமும் வேண்டும். கடையில் நினைவகத்தை ‘ராம்’ என்பார்கள். 4 என்பது ஏற்றுவதற்கு மட்டும்தான். சலிப்பில்லாமல் வேலை செய்ய 8 இருப்பது நல்லது. இவற்றுடன் ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். இன்டெல் செயலியானால் பொதுவாக எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ஐ5-7200 என்று எழுதியிருந்தால் ஏழாந் தலைமுறை. ஐ5-8250 என்றிருந்தால் எட்டாந் தலைமுறை. ‘பீசி ஹெல்த் செக்’ என்ற மைக்ரோசொப்ட்டின் இலவச மென்பொருள் இவற்றையெல்லாம் சோதித்து, தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

மூன்று வழிகள்

முதலாவது, கணனி தகுதியானதென்றால் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். முறையான விண்டோஸ் 10 உள்ளவருக்கு இம்மாற்றம் இலவசம். உள்ளிருந்தபடியே மாற்றினால் கோப்புகளும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, கணனி தகுதியற்றது, ஆனால் விண்டோஸ் 10 இன்னும் சிறிது காலம் தேவை என்றால் நீடிப்புத் திட்டம் ஒன்று உண்டு. 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைத் தருவதாக மைக்ரோசொப்ட் 2025இல் அறிவித்தது. இதற்கு 30 டொலர் கட்டலாம். கணனியின் அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்குடன் இணைத்துச் சேமிப்பவர் பணமின்றியும் சேரலாம். இது தவணைதானே தவிர, தீர்வு அன்று.

மூன்றாவது, லினக்ஸ் மின்ற் போன்ற இலவச முறைமைக்கு மாறலாம். 2024இல் வந்த மின்ற் 22 பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. 4 ஜிகாபைற் நினைவகமுள்ள பழைய கணனியிலும் ஓடும். ஒரு பென்ட்ரைவில் ஏற்றி, கணனியில் எதையும் மாற்றாமலே இயக்கிப் பார்க்கலாம். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் லிப்ரே ஒபிஸ் அதனுடன் வரும். ஆனால் விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் பல அதில் ஓடமாட்டா. பிள்ளை படிக்கும் கற்கைநெறிக்கு அத்தகைய மென்பொருள் வேண்டுமா, வீட்டு அச்சுப்பொறி வேலை செய்யுமா என்பவற்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தகுதியற்ற கணனியிலும் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவதாகக் கடைகளில் சொல்லக்கூடும். ஏற்ற வழி உண்டு. ஆனால் அத்தகைய கணனிகளுக்குத் தொடர்ந்து திருத்தம் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தரவில்லை. பூட்டை உடைத்த களவுப் பிரதிகளையும் தவிருங்கள். பூட்டை உடைக்கப் பயன்படும் மென்பொருளோடு தீய மென்பொருளும் ஒட்டி வருவதுண்டு.

எதற்கும் முன் ஒரு பிரதி

எந்த வழியைத் தெரிவு செய்தாலும், முதல் வேலை பிரதி எடுப்பது. புதிதாக ஏற்றுபவர் வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டு ஏற்றக்கூடும். ஆகவே உறுதி, சான்றிதழ், கணக்கு, படங்கள் யாவற்றையும் இரண்டு பென்ட்ரைவ்களில் பிரதி செய்யுங்கள். ஒன்றை வீட்டிலும் மற்றதை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். பிரதி எடுத்தபின் வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பக்கூடாது.

பழைய தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாத கணனியில் தமிழ் வரிகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். விண்டோஸ் 11 சில கணனிகளில் வன்தட்டைத் தானாகவே பூட்டி வைக்கும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் கடவுச்சொல்லையும் அந்த எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதி, உறுதிப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

புதிய மடிக்கணனி வாங்கக் கடன்படுமுன் இந்த மூன்று வழிகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு, நினைவகத்தையும் கூட்டினால் பல பழைய கணனிகள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஒரு கணனி எத்தனை வயதானது என்பதைவிட, அதற்குத் திருத்தங்கள் வருகின்றனவா, வந்தவற்றை நாம் ஏற்றுகிறோமா என்பதே முக்கியம்.