இணைய மிகுபுனைவு விளையாட்டில் தீமூட்டல் திறன்வளர்ச்சி: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் திறன் என்பது எண்ணால் அளக்கப்படுகிறது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்னும் விளையாட்டில் இடம்பெறும் தீமூட்டல் திறனை எடுத்துக்கொண்டு, அதனை விரைவாக வளர்க்கும் வழிகளையும் அவ்வழிகளின் அடிப்படையாக அமையும் கணக்கையும் இக்கட்டுரை விளக்குகிறது. காலம், பொருள், கவனம் ஆகிய மூன்றனுள் எதனைச் சேமிக்க விழைகிறோம் என்பதைத் தெளிவுபடுத்தாமல் ‘சிறந்த வழி’ என ஒன்றைச் சுட்ட இயலாது என்பதும், உழைப்பின் பெரும்பகுதி இறுதி நிலைகளில் குவிந்திருப்பதால் சிக்கனமும் அங்கேயே தேடப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: இணைய விளையாட்டு, தீமூட்டல், அனுபவப் புள்ளி, காலச் சிக்கனம், ரூன்ஸ்கேப்

முன்னுரை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ரூன்ஸ்கேப் 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. காலப்போக்கில் அது பெரிதும் மாறியது. பழைய வடிவத்தையே வேண்டிய விளையாட்டாளர்களுக்காக, 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத நிலையிலிருந்த படியை மீட்டெடுத்து 2013 பிப்ரவரியில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் தொடங்கப்பட்டது. மரம் வெட்டுதல், மீன் பிடித்தல், சமைத்தல் போன்ற அன்றாடத் தொழில்கள் இவ்விளையாட்டில் தனித்தனித் திறன்களாக வகுக்கப்பட்டுள்ளன. தீமூட்டலும் அவற்றுள் ஒன்று.

நடைமுறை வாழ்வில் தீக்கடைகோலைக் கொண்டு நெருப்பு உண்டாக்குவதற்குக் கைப்பழக்கம் வேண்டும்; ஈரம், காற்று, விறகின் தன்மை ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும். விளையாட்டிலோ கைப்பழக்கத்திற்கு இடமில்லை. கட்டையை எரித்தால் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் நிலை உயரும். ஆகவே இங்கு விளையாட்டாளர் உண்மையில் பயிலும் திறன் தீமூட்டலன்று, திட்டமிடலே எனலாம்.

தீமூட்டலின் இயங்குமுறை

விளையாட்டுப் பாத்திரத்தின் பையில் 28 இடங்கள் உள்ளன. சிக்கிமுக்கிப் பெட்டி ஓரிடத்தை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 27 இடங்களில் கட்டைகளை நிரப்பலாம். பெட்டியைச் சொடுக்கிப் பின் கட்டையைச் சொடுக்கினால் தீ மூட்டப்படும். தொடக்க நிலைகளில் முயற்சி தவறுவதுண்டு. நிலை உயரும்போது இக்குறை மறைகிறது.

தீ பற்றியவுடன் பாத்திரம் மேற்கு நோக்கி ஒரு கட்டம் நகரும். ஏற்கெனவே தீ எரியும் கட்டத்தில் மற்றொரு தீ மூட்ட இயலாது. இவ்விரு விதிகளால், வங்கிக்கு அருகில் கிழக்கு மேற்காகத் தடையின்றி 27 கட்டங்கள் நீளும் தெரு சிறந்த பயிற்சியிடமாகிறது. வாரக் நகரின் பொதுச்சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சுற்றுப்புறத்தில் வரிசை வரிசையாகத் தீ எரிவதன் காரணம் இதுவே. ஒரு சுற்றில் ஒரு தெருவையும் மறுசுற்றில் அடுத்த தெருவையும் பயன்படுத்தினால், முந்தைய தீ அணையும்வரை காத்திருக்க நேராது.

புள்ளிகளின் பரவல்

99ஆம் நிலையை எட்டுவதற்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் தேவை. ஒவ்வொரு ஏழு நிலைக்கும் தேவைப்படும் புள்ளி ஏறத்தாழ இருமடங்காகிறது. 92ஆம் நிலைக்குரிய மொத்தப் புள்ளி 65,17,253. அதாவது 92ஆம் நிலையை எட்டியவர் ஏறத்தாழச் சரிபாதித் தொலைவையே கடந்திருக்கிறார்.

இப்பரவலை வேறொரு முனையிலிருந்தும் நோக்கலாம். 50ஆம் நிலைக்கு வேண்டிய 1,01,333 புள்ளிகள் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. 90 முதல் 99 வரையிலான ஒன்பது நிலைகளுக்கோ 76,88,099 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 59 விழுக்காடு தேவை. புதிதாக விளையாட வருவோர் ஓக் கட்டையா வில்லோ கட்டையா எனத் தொடக்கத்திலேயே தயங்குவதைக் காண்கிறோம். அத்தேர்வால் முழுப் பயணத்தில் விளையும் வேறுபாடு மிகச் சிறிது. கவனத்துடன் முடிவெடுக்க வேண்டிய இடம் 75ஆம் நிலைக்குப் பின்னரே வருகிறது.

மரத்தேர்வும் எண்ணிக்கையும்

ஒவ்வொரு நிலையிலும் எரிக்கக்கூடிய கட்டைகளுள் கூடுதல் புள்ளி தரும் முதன்மை வகைகளைத் தேர்ந்தால் பின்வரும் கணக்கு கிடைக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒரு கட்டைக்குரிய புள்ளி.

1 – 15: சாதாரணக் கட்டை (40), 61 கட்டைகள்
15 – 30: ஓக் (60), 183 கட்டைகள்
30 – 45: வில்லோ (90), 535 கட்டைகள்
45 – 60: மேப்பிள் (135), 1,573 கட்டைகள்
60 – 75: யூ (202.5), 4,626 கட்டைகள்
75 – 90: மாயமரம் (303.8), 13,614 கட்டைகள்
90 – 99: ரெட்வுட் (350), 21,966 கட்டைகள்

மொத்தம் 42,558 கட்டைகள். 27 கட்டைகள் வீதம் 1,577 சுற்றுகள். மாறாக, 45ஆம் நிலையில் மேப்பிளுக்கு வந்தவர் இறுதிவரை அதனையே எரித்தால் மொத்தம் 96,875 கட்டைகளும் 3,588 சுற்றுகளும் தேவைப்படும். வங்கிக்குச் சென்றுவரும் நேரத்தையும் சேர்த்துக் கட்டை ஒன்றுக்குச் சராசரியாக மூன்று நொடி எனக் கொள்வோம். முதல் வழிக்கு ஏறத்தாழ 35 மணி நேரமும் இரண்டாம் வழிக்கு ஏறத்தாழ 81 மணி நேரமும் ஆகும். கட்டையை எரிக்கும் நேரம் எல்லா மரத்திற்கும் ஒன்றே என்பதால், கட்டை ஒன்றுக்குரிய புள்ளியே காலத்தைத் தீர்மானிக்கிறது.

விலையின் இயல்பு

காலம் மட்டுமே அளவுகோலாயின் மேற்கண்ட பட்டியலே முடிவாகும். ஆனால் கட்டைகளை விலை கொடுத்து வாங்குவோர்க்குப் பொருட்செலவும் உண்டு. கட்டையின் விலையை அது தரும் புள்ளியால் வகுத்தால் ஒரு புள்ளிக்கான செலவு தெரியவரும். மரங்களை ஒப்பிட இவ்வகுத்தலே போதும்.

உயர்ந்த நிலையில் எரிக்கக்கூடிய கட்டை விலையும் உயர்ந்ததாகவே இருக்கும் என்பது ஒரு பொதுவான எண்ணம். சந்தை இதற்குக் கட்டுப்படுவதில்லை. ஒரு கட்டைக்கு வேறு பயன்கள் எவ்வளவு உள்ளன என்பதே அதன் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. மாயமரக் கட்டையிலிருந்து நெடுவில் செய்யலாம். அவ்வில்லை உயர் ரசவாத மந்திரத்தால் 1,536 நாணயங்களாக மாற்றலாம். எனவே வில் செய்வோரும் அக்கட்டையை நாடுகின்றனர். தீமூட்டுவோர் அவர்களோடு போட்டியிட வேண்டியுள்ளது. ரெட்வுட்டிற்கு இத்தகைய மாற்றுத்தேவை குறைவு. ஆதலின் 90ஆம் நிலையை எட்டியவர் கூடுதல் புள்ளிக்காகக் கூடுதல் விலை கொடுக்க நேரும் என முன்கூட்டியே கருதிக்கொள்ளாமல், அன்றன்றைய விலையைப் புள்ளியால் வகுத்துப் பார்த்தல் நலம். 90 முதல் 99 வரை மாயமரத்தையே எரிப்பின் 25,307 கட்டைகள் வேண்டும். ரெட்வுட்டைவிட 3,341 கூடுதல். முன்கூறிய வேகத்தில் இது மூன்று மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவான இழப்பே.

வின்டர்டாட்: வாங்காமல் வளர்க்கும் வழி

2016ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட வின்டர்டாட் என்னும் கூட்டுப்பணியில் பங்கேற்கத் தீமூட்டலில் 50ஆம் நிலை வேண்டும். பனிப்பகுதியில் பலர் ஒன்றுகூடிப் புரூமா வேர்களை வெட்டிக் கணப்புச் சட்டிகளில் இட்டு எரிக்கின்றனர். ஒரு சுற்றில் 500 மதிப்பெண் பெற்றவருக்குப் பரிசும், அவருடைய நிலையைப்போல் நூறு மடங்கு புள்ளியும் சுற்றின் முடிவில் கிடைக்கும். 50ஆம் நிலையில் 5,000, 99இல் 9,900. வெப்பம் தரும் உடைகளை அணிந்தால் குளிரின் தாக்கம் குறையும்.

இங்கும் அளவுகோல் பற்றிய வினா எழுகிறது. வேரை அப்படியே இட்டால் 10 மதிப்பெண். சிராய்களாகச் செதுக்கி இட்டால் 25 மதிப்பெண். செதுக்கியவர் 20 வேர்களில் 500ஐ எட்டுவார். செதுக்காதவருக்கு 50 வேர்கள் வேண்டும். ஆனால் தீமூட்டல் புள்ளியைப் பொறுத்தவரை, செதுக்கிய வேர் செதுக்காத வேரைவிடச் சற்றே கூடுதலாகத் தருகிறது. ஆகவே பரிசை நாடுவோர் செதுக்குவதும், புள்ளியை நாடுவோர் வேரை அப்படியே இடுவதும் பொருத்தமாகும்.

இவ்வழியின் குறை அதன் வளர்ச்சி வேகத்தில் உள்ளது. 50இலிருந்து 57க்கு உயரும்போது பரிசுப்புள்ளி 14 விழுக்காடே கூடுகிறது. நிலைக்கு வேண்டிய புள்ளியோ இருமடங்காகிறது. எனினும் கட்டை வாங்கப் பொருளில்லாதவர்க்கும், பிறரோடு வணிகம் செய்ய இயலாத ‘அயர்ன்மேன்’ கணக்குடையோர்க்கும், செலவின்றிப் பரிசும் தரும் இவ்வழி உகந்தது.

இப்பரிசுகளுள் பைரோமான்சர் உடைத்தொகுதி குறிப்பிடத்தக்கது. முழுத் தொகுதியை அணிந்தால் புள்ளி 2.5 விழுக்காடு கூடும். மாயமரம், ரெட்வுட் ஆகிய இரு கட்டங்களிலும் சேர்த்து இதனால் மிஞ்சுவது 867 கட்டைகள். காலத்தில் முக்கால் மணி நேரத்தைக்கூட எட்டாது. கையில் கிடைத்தால் அணியலாம். அதற்காகவே வின்டர்டாட்டில் தங்குவது காலச் சிக்கனம் ஆகாது.

சொடுக்கும் கவனமும்

கணக்கில் பெரும்பாலும் விடுபடுவது விளையாட்டாளரின் கை. கட்டைக்கு இரு சொடுக்கு எனில், மிக விரைவான வழியும் 85,116 சொடுக்குகளைக் கேட்கிறது. இவ்வேலையைத் தானியங்கு மென்பொருளிடம் ஒப்படைப்பதை விளையாட்டின் விதிகள் தடைசெய்கின்றன. 2023இல் வந்த வனத்தொழில் சேர்க்கையால், ஒரே முகாம்தீயில் பையிலுள்ள கட்டைகளை அடுத்தடுத்துத் தானே இட்டு எரிக்கும் முறை அமைந்தது. இது வரிசைத் தீயைவிட மெதுவானது. ஆயினும் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வளிக்கிறது. படித்துக்கொண்டோ வேறு பணி செய்துகொண்டோ விளையாடுவோர்க்கு மணிக்கணக்கில் மெதுவான இம்முறையே உண்மையில் மலிவானது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. தீமூட்டலின் உழைப்பில் பாதிக்கும் மேல் இறுதி ஒன்பது நிலைகளில் அமைகிறது. தொடக்க நிலைத் தேர்வுகள் விளைவில் சிறியவை.

2. காலத்தைச் சேமிக்க விழைவோர் நிலைக்கேற்ப மரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பொருளைச் சேமிக்க விழைவோர்க்கு வின்டர்டாட்டும், கவனத்தைச் சேமிக்க விழைவோர்க்கு முகாம்தீயும் ஏற்றவை.

3. மரத்தின் விலையை அதன் நிலை தீர்மானிப்பதில்லை. அதன் மாற்றுப்பயனே பெரிதும் தீர்மானிக்கிறது.

எரிந்த தீ ஓரிரு நிமிடங்களில் அணைந்து சாம்பலாகிறது. விளையாட்டாளரிடம் எஞ்சுவது ஓர் எண் மட்டுமே. அவ்வெண்ணுக்காகச் செலவாகும் 35 மணி நேரமோ 81 மணி நேரமோ விளையாட்டுக்குள் ஈட்டியதன்று. அவரவர் வாழ்நாளிலிருந்து எடுத்துக் கொடுத்தது. எனவே கட்டையை வாங்கும் முன் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் விளையாட்டின் இன்பத்தைக் குறைப்பதாகாது. எவ்வளவு தருகிறோம் என அறிந்து தருவதற்கு அது துணைசெய்யும்.