புத்தகத்துக்கும் 'ஏ' சர்டிபிகேட்டா? கோர்ட் படி ஏறிய கடைக்காரர்கள்!

சினிமாவுக்கு சென்சார் போர்டு 'ஏ' சர்டிபிகேட் கொடுக்கிறது. பள்ளி நூலகப் புத்தகத்துக்கு யார் கொடுப்பது? விற்கிற கடைக்காரரே கொடுக்கணும் என்று 2023-ல் சட்டம் போட்டது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம்!

ஆபாசம் இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்தணும். ஏற்கெனவே விற்றதையும் விடக்கூடாது. அரசு சொன்னால் முத்திரையை மாற்றணும். மறுத்தால் பள்ளிகளில் வியாபாரம் 'கட்'!

ஹூஸ்டனில் ஒரு சின்னக் கடை போட்ட கணக்கு தலையைச் சுற்ற வைக்கும். வருஷ வியாபாரம் 10 லட்சம் டாலர் சொச்சம். பழைய புத்தகங்களுக்கு முத்திரை குத்தவே குறைந்தது 40 லட்சம் டாலர்!

கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தடை கிடைத்தது. 2024 ஜனவரியில் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அரசின் கருத்தைக் கடைக்காரர் வாயால் சொல்ல வைக்கக் கூடாதாம்!

பிள்ளை எதைப் படிக்கிறதோ என்ற பெற்றோர் கவலை நியாயம்தான். அதற்குக் கடைக்காரரா ஜாமீன் நிற்பது?